அண்ணாவின் வலதுகையாக இருந்த பின்னேரம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, சுவிஸ் இராணுவத்தின் கட்டாயப் பயிற்சிக்குப் போயிருந்த அண்ணா எட்டாவது கிழமையே வலதுகையில் மாவுக்கட்டோடு லாங்கன்தாலில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார். பயிற்சியில் விழுந்துவிட்டதாகச் சொன்னார். அம்மா நம்பினார். நான் நம்பவில்லை. விழுந்தால் முழங்காலிலும் உரசல் இருக்கவேண்டும் என்பது பள்ளிக்கூட முற்றத்தில் நான் பலமுறை உறுதிசெய்துகொண்ட உண்மை.

பிறகு இராணுவக் காப்புறுதியிலிருந்து ஒரு படிவம் வந்தது. விபத்து எப்படி நடந்தது என்று கேட்டு அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். அண்ணாவால் பேனை பிடிக்க முடியாது. வீட்டில் அவருக்கு அடுத்தபடியாக ஜெர்மன் எழுதத் தெரிந்தவள் நான்தான். எனவே அந்தப் பின்னேரம் குசினி மேசையில் அவருடைய வலதுகையாக நான் உட்கார்ந்தேன்.

கேள்விக்குக் கீழே இருந்த சிறிய எழுத்துகளை முதலில் வாசித்தேன். குற்றம் ஒன்றைச் செய்யும்போது காயப்பட்டிருந்தால் கொடுப்பனவைக் குறைக்கலாம் என்று இருந்தது.

"பிழை செய்த கை குறைவாவோ நோகும்?" என்று கேட்டேன்.

அண்ணா அப்பாவைக் கூப்பிடச் சொன்னார்.

அப்பா வந்ததும் உண்மையைச் சொன்னார். முகாமில் சாமான் ஏற்றும் வண்டியை அனுமதியில்லாமல் எடுத்து, சும்மா விளையாட்டுக்கு முற்றத்தில் சுற்றியிருக்கிறார். வளைவில் அது சரிந்து கை அடியில் அகப்பட்டுவிட்டது. பயிற்சி கொடுத்த கோப்ரல்தான் வண்டியை நகர்த்தச் சொன்னார் என்று அங்கே பொய் சொல்லியிருக்கிறார். இப்போது அந்தக் கோப்ரலை விசாரிக்கிறார்களாம்.

அப்பா எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"மாத்தி எழுதாதை. முதல் சொன்னதைத்தான் கடைசி மட்டும் சொல்லவேணும். மாத்தினா அனுப்பிப்போடுவினம்."

"எங்கயப்பா அனுப்பிறது? நான் இஞ்ச பிறந்தவன்," என்றார் அண்ணா.

அப்பா திரும்ப வந்து கதிரையில் உட்கார்ந்தார். அண்ணா சொல்லச் சொல்ல நடந்ததை நடந்தபடியே எழுதினேன். வண்டியின் பெயரில் மட்டும் ஒரு எழுத்துப் பிழை விட்டேன்.

கோப்ரல் தப்பினார். பொய்க்கும் வண்டிக்கும் அண்ணாவுக்குத் தண்டனை கிடைத்தது. இரண்டு விரல்கள் இனி முழுதாக மடங்காது என்று வைத்தியர் எழுதியதும் இராணுவம் அவரை விடுவித்தது. அந்தக் கடிதத்தில் விரல்களைப் பற்றி மட்டும் இருந்தது, வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காப்புறுதி வைத்தியச் செலவை முழுதாக ஏற்றுக்கொண்டது, வண்டியைக் காரணம் காட்டி, வேலைக்குப் போகாத நாட்களுக்கான கொடுப்பனவை மட்டும் வெட்டியது. ஒரே கை, இரண்டு கடிதங்கள். எது சரி என்று பார்க்க இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் ஆராய்ந்தேன்.

ஆராய வேண்டியது வேறொன்று என்று அப்போது தெரியவில்லை. அப்பா அகதியாக வந்த காலத்தில் எத்தனையோ விசாரணை மேசைகளில் ஒரே கதையைச் சொல் மாறாமல் சொல்லித்தான் இந்த நாட்டில் தங்கினார் என்பதை வளர்ந்த பிறகே அறிந்தேன். அன்று படிவத்தை உறையில் இடுமுன் அவர் அதை என்னிடம் தந்து தமிழில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

"இப்பிடியும் எழுதலாமோ," என்றார் மெல்ல.

என் கையெழுத்தைத்தான் மெச்சுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.