ஆள் இல்லாத பதினொரு படங்கள்

தீவு என்றால் வெண்மணல், குளிர்ந்த காற்று என்று பேசுகிறவர்களை ஒரு நாள் நான் போன தீவில் கொண்டுபோய் விட வேண்டும். அங்கே இருந்தது அழுகிய பாசி, செத்த மீன், இரண்டின் மேலும் மொய்த்த ஈ. ராமநாதபுரம் பக்கத்துக் கரையிலிருந்து வள்ளத்தில் மூன்று மணி நேரம் போக வேண்டும். என் மனைவி பிறந்த இடம் அது.

அறுபதுகளின் கடைசி. திருமுல்லைவாயிலில் குடியிருந்துகொண்டு ஆவடியில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு கரு கலைந்தபின் மூன்றாவது தங்கியிருந்தது. எழுந்து நடமாடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நாலு மாதமாக அவள் பார்த்ததெல்லாம் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத்தான். அப்போது அவள் சித்தப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. தீவுக் கிணறு உப்பாகிவிட்டதாம். எல்லாரும் கரைக்கு வந்து குடியேறிவிட்டார்களாம். காலி வீடுகளைப் பிரித்துக் கல்லை எடுக்கப் போகிறார்களாம்.

"எங்க வீட்டை ஒரு தடவை பாக்கணும்" என்றாள். முடியாது என்று அவளுக்கே தெரியும். "நீங்க போயி போட்டோ எடுத்துட்டு வாங்க. எனக்கு அது போதும்."

அந்த வாரம் பார்த்துத்தான் எனக்கு உட்காருகிற இடத்தில் கட்டி கிளம்பியது. எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, தொட்டால் கொதித்தது. கல் எடுக்கிறவர்கள் என் கட்டி ஆறும்வரை காத்திருக்க மாட்டார்கள். கூட வேலை செய்தவரிடம் ஒரு பெட்டிக் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். எழும்பூரிலிருந்து நின்றுகொண்டே போனேன். நகர்ந்து இடம் கொடுத்த புண்ணியவான்களிடமெல்லாம் பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லியே வாய் வலித்தது.

வள்ளத்தில் நிற்கவும் முடியவில்லை. மீன் செதில் ஒட்டிய ஈர வலைமேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். பாதி வழியில் ஓர் அலை தூக்கிப் போட்டதில் கட்டி உடைந்தது. சீழும் ரத்தமும் தொடை வழியே இறங்கி வேட்டியில் ஒட்டின. அந்த நாற்றத்துக்கு நானே இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். வள்ளக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் உடம்பைக் கழற்றிக் கடலில் எறிய முடிந்தால் எறிந்திருப்பேன்.

அவள் படுத்தபடியே சொல்லி அனுப்பியவை எனக்கு மனப்பாடம். தாழம்புதர், கிணறு, கருவாடு காயவைக்கும் மணல்மேடு, அம்மன் கோயில், கடைசியாக வீடு. பெட்டிக் கேமராவை வயிற்றோடு அணைத்து, குனிந்து பார்க்க வேண்டும். குனிந்தால் புண் இழுத்து உயிர் போனது. ஈக்கள் வேறு என்னைவிட்டு நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். வீட்டுக் கதவை அதற்குள் யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். நடுக்கூடத்தில் எவனோ வெளிக்குப் போயிருந்தான். சீ என்றாகிவிட்டது. அது படத்தில் விழாதபடி தள்ளி நின்று, வீட்டை மட்டும் ஏழு படம் எடுத்தேன். தீவில் ஒரு ஆள் இல்லை. பதினொரு படத்திலும் ஒரு ஆள் இல்லை.

ஒன்று மீதி இருந்தது. "இம்புட்டுத் தூரம் வந்துட்டு நீங்க ஒண்ணு நிக்க வேணாமா?" என்று வள்ளக்காரர் கேமராவைக் கையில் வாங்கிக்கொண்டார். மறுக்கத் தெம்பில்லை. வீட்டின் முன்னால் போய் நின்றேன். "நாளைக்குக் கல்லைப் பேக்க ஆரம்பிக்கிறாக" என்றார் அவர், கேமராவின் விசையை அமுக்கிக்கொண்டே.

ஊருக்கு வந்ததும் அம்பத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் ரோலைக் கொடுத்தேன். மாப்பிள்ளையும் பெண்ணும், மொட்டையடித்த குழந்தை, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்த பிணம், இவைதான் அந்தக் கடையில் படம். ஒரு வாரம் கழித்துப் போனால் கடைக்காரர் ஒரே ஒரு படத்தை நீட்டினார்.

"ஒண்ணுதான் அண்ணாத்தே நல்லா உயுந்துகீது. மத்ததுல ஆளே இல்ல. பொட்டி தானா அமுங்கிகினு பூட்ச்சு போல."

"நெகட்டிவ் எங்கே?"

"அத்த வெந்நீர்ல போட்டுக் கழுவிட்டேன். படமெல்லாம் கரைஞ்சு போயி, சும்மா கண்ணாடி கணக்கா ஆயிடும். பர்சுல வெக்கிற படத்துக்கு மேல போடலாம்."

மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அதைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "வெறும் செவுரையும் மரத்தையும் யாராவது போட்டோ புடிப்பாங்களா நைனா? நீயே சொல்லு" என்றார், ஆறுதலாக. மருந்துக் கறை படிந்த அவர் விரல்கள் படத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தன. ஸ்டூலை எட்டி உதைத்தேன். அன்றைக்கு என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அந்த ஆளைத் திட்டினேன், வள்ளக்காரரைத் திட்டினேன், கடலைத் திட்டினேன். அவள் யாரையும் திட்டவில்லை. படத்தை வாங்கி, படுத்தபடியே முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். படம் முழுக்க நான்தான். கறை படிந்த வேட்டி, இடுப்பில் ஊன்றிய கை, விளக்கெண்ணெய் குடித்த மூஞ்சி. வாசல், ஜன்னல் எல்லாம் எனக்குப் பின்னால் போய்விட்டிருந்தன. மடங்கிய கைக்கும் இடுப்புக்கும் நடுவே நகத்தின் அகலம்கூட இல்லாத ஓர் இடைவெளி. அதில் கொஞ்சம் சுவர் தெரிந்தது.

அவள் அங்கே விரலை வைத்தாள். "இது அடுப்படிச் சுவரு" என்றாள்.

விரலை எடுக்கவே இல்லை. கொஞ்சமும் கோபம் இல்லாமல் கேட்டாள்:

"கொஞ்சம் தள்ளி நின்னுருக்கக் கூடாதா?"