அவர் பேரைக் கேட்டார்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையாத சமயத்தில் நடந்தது இது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட, ஆளாளுக்குப் பாறையில் வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வெள்ளகோவில் பக்கம் ஒரு சொந்தக்காரர் தோட்டத்துக் கிணற்று வேலைக்கு ஒத்தாசையாகப் போன என் வீட்டுக்காரர் முகத்தில் வெடித்த கல் தெறித்து அடித்துவிட்டது. அவரைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். எங்களுக்குச் சேதி வந்தது மறுநாள் விடியும்போதுதான்.

வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும். மாமனார் காலமாகிவிட்டார்; இவர் ஒரே பிள்ளை. பங்காளி ஒருவர், "நீங்க முன்னால போங்க, நான் பின்னால பஸ்ஸுல வாரேன்" என்று எங்களை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அந்த பஸ்ஸை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும். பல்லடத்தில் ஆள் சேரட்டும் என்று நிறுத்திவிட்டு டிரைவர் பலகாரம் சாப்பிடப் போய்விட்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்திருப்பேன், உட்காருவேன், ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன். "செத்த நேரம் சும்மா உக்காரு அம்மணி" என்று மாமியார் என்னைச் சத்தம் போட்டார். அவர் மட்டும் சும்மாவா இருந்தார்? முந்தானை நுனியை முறுக்கி முறுக்கி ஒரு கயிறாகவே ஆக்கிவிட்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் மேஜை போட்டு ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். பெரிய டாக்டர் சுற்றி வருகிற நேரம், யாரையும் உள்ளே விட முடியாது என்றார். பிறகு, "யாரைப் பார்க்கணும்? பேரு?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருஷன் பேரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரருக்கு வைத்திருந்தது அவருடைய தாத்தா பேர். அதாவது என் மாமியாருக்கு மாமனார் பேர். அதை அவரும் சொல்லக் கூடாது! பெற்ற பிள்ளையை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை அவர். கண்ணு, சாமி, தம்பி, இவ்வளவுதான்.

"என்ற பையனுங்க" என்றார் மாமியார்.

"பையன் சரிங்கம்மா. பேரு?"

"சாமி பேருங்க."

"எல்லாரு பேரும் சாமி பேருதானுங்க!"

பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். "நீ சொல்லு அம்மணி" என்று மாமியார் என்னை இடித்தார். "நீங்க சொல்லுங்கத்தை" என்று நான் அவரை இடித்தேன். காங்கேயம் பக்கம், கிணற்று வெடி, முகத்தில் அடி என்று தெரிந்ததையெல்லாம் சொன்னோம். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அடி எங்கேன்னெல்லாம் எனக்குத் தெரியாதுங்கம்மா. காங்கேயம் பக்கமிருந்து நேத்து ரெண்டு பேரு வந்தாங்க. அதுல ஒருத்தரு காலையில போயிட்டாரு. உங்காளு யாருன்னு பேரைச் சொன்னாத்தானே நான் சொல்ல முடியும்?"

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்த நேரத்திலாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பார்கள். அவர் உயிர் ஊசலாடுகிறதோ என்னவோ என்று நிற்கும்போது, ஆயுசைக் குறைக்கும் என்று நம்பிய காரியத்தை எந்தப் பெண்சாதி செய்வாள்? வாயைத் திறந்தேன். நாக்கு எழும்பவில்லை. சத்தியமாக எழும்பவில்லை.

அப்போதுதான் அந்த நர்ஸ் வந்தாள். என் வயசுதான் இருக்கும். என்ன விஷயம் என்று குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு என் பக்கத்தில் வந்தாள். "சொல்ல வேண்டாமுங்க. எழுதிக் காட்டுங்க, போதும்" என்று ஒரு பென்சிலையும் துண்டுக் காகிதத்தையும் என் கையில் கொடுத்தாள்.

எவ்வளவு சுலபமான வழி! எழுதினால் பேச்சில்லை, பாவமில்லை, ஆயுசுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு எழுதத் தெரியாதே! பென்சிலை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. என் அண்ணன் பள்ளிக்கூடம் போனான். அவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நான் வாசலோடு திரும்பி வருவேன். நானும் படிக்கிறேன் என்று ஒரு நாள் கேட்டதற்கு, "கட்டிக் குடுக்கற புள்ளைக்கு எழுத்து எதுக்கு?" என்று என் அப்பா சிரித்தார். அங்கே நின்றுகொண்டு, எங்கேயோ காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவின் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை.

நர்ஸ் புரிந்துகொண்டாள். "சரி, நானே சொல்றேன். உங்க வீட்டுக்காரர் பேரு வந்தா தலையை ஆட்டுங்க. காலையில தவறினவரு பேரை முதல்ல சொல்லிடறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பேரைச் சொன்னாள்.

அவர் பேரில்லை. இல்லை இல்லை என்று நான் தலையை ஆட்டிய வேகத்தில் கொண்டை அவிழ்ந்து விழுந்தது. அடுத்த பேரைச் சொன்னாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மாமியார் தரையில் உட்கார்ந்தபடியே அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

டாக்டர் போன பிறகு எங்களை உள்ளே விட்டார்கள். முகமெல்லாம் கட்டு. ஒரு கண் தேறாது, உயிருக்குப் பயமில்லை என்றார்கள். அது போதும் என்றிருந்தது எனக்கு.

மத்தியானம் தண்ணீர் கொண்டுவர வெளியே வந்தேன். மேஜைக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. "பேரு என்னங்கம்மா?" என்று குமாஸ்தா கேட்கிறார். அவள் காங்கேயம் பக்கத்து ஊர் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்க்கிறாள்.

அவளால் சொல்ல முடியாத அந்தப் பேர் எனக்குத் தெரியும். காலையில் அதைக் கேட்டுத்தான் நான் சந்தோஷப்பட்டேன். நர்ஸ் வந்து அவளிடமும் பென்சிலை நீட்டினாள். அவள் கையைப் பின்னால் இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். என்னால் அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. கிட்டே போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டேன். "உள்ளே இருந்துதான வாரீங்க? அவரைப் பார்த்தீங்களாக்கா?" என்று அவள் என்னைக் கேட்டாள். நான் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நின்றேன். அதற்குள் நர்ஸ் அவளை மெல்ல உட்காரவைத்து, அந்தப் பேரைச் சொல்ல, அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

எங்களுக்கு மகள் பிறந்து வளர்ந்ததும் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது நானில்லை, என் மாமியார். கலெக்டராக்கப் போகிறீர்களா என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். "புருசன் பேரைச் சொல்றதுக்கு அனுப்பலீங்க. எழுதத் தெரிஞ்சுக்கட்டும்னுதான் அனுப்பறேன்" என்று அவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். மகள் பலகையில் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன். இதை நானேதான் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் பேரை மட்டும் இங்கே எழுதவில்லை; தெரியாமல் இல்லை.

பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று யாராவது பேச ஆரம்பித்தால் இந்த வயசிலும் எனக்கு உட்கார்ந்திருக்க முடிவதில்லை. அன்றைக்கு எங்கள் வாயைக் கட்டிப்போட்டது ஊர்ப் பழக்கம், அது போகட்டும். எங்கள் கையையும் சேர்த்துக் கட்டிப்போட்டவர்களைத்தான், என் அப்பாவையும் சேர்த்து, இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.