விட்டு வைத்த புல்

வறண்ட மாதங்களில் கலோமோ ஏற்றத்தில் ரயில் பாதையோரம் புல் நிற்கக் கூடாது. எஞ்சின் கக்கும் ஒரு பொறி போதும், ஊர் போய்விடும். அதனால் பச்சை முழுதும் வற்றுமுன்பே, மண்வெட்டியால் கொத்திய கோட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள புல்லை எரித்துவிடுவார்கள். பாதைக் கூலியாக வந்து மேஸ்திரியான ஹமூங்கா சாகும்வரை பார்த்த வேலை அதுதான்.

ஒரே ஒரு வருஷம், ஒரு துண்டை எரிக்காமல் விட்டார். அக்கா சூல்வே புருஷனை இழந்தவள். அவள் வீட்டுக் கூரை மழையில் அழுகிப் போயிருந்தது. பாதையோரப் புல் ஆள் உயரம். கூரைக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் முற்றிக் காய்ந்த பிறகுதான் அறுக்க முடியும்.

"அறுத்து முடிக்கிற வரைக்கும் பொறு தம்பி" என்றாள். பொறுத்தார்.

அறுத்துக் கட்டிப் போட்டாள். சுமப்பதுதான் பாக்கி. அன்று உச்சிவேளையில் கிழக்கிலிருந்து காற்று கிளம்பியது. மேற்கே, புல்லுக்கு அப்பால், அவளுடைய ஊரும் சோளக் குதிர்களும். மாலைச் சரக்கு வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அடிவாரத்தில் ஊதல் கேட்டது. கூடுதல் வண்டி.

கூலியாள் முலேயா ஓடி வந்தான். அவன் ஆட்டுக் குலம். ஹமூங்காவின் குலத்தை எந்த நேரத்திலும் கேலி பேச அவனுக்கு உரிமை உண்டு, இவருக்கும் அப்படியே.

"என்ன மேஸ்திரி, உன் அக்கான்னா ரயிலும் காத்திருக்கும்னு நெனச்சியா?"

"வாய மூடு ஆடே. தழைய ஒடிச்சு நனை."

"சிவப்புக் கொடி காட்டேன்!"

"ஏத்தத்துல நின்னா, திரும்பக் கிளம்பத் திணறி இன்னும் பொறி கக்கும்."

ஊர்ப் பக்கக் கோட்டில் பற்றவைத்தால் தீ காற்றை எதிர்த்து மெல்லப் பாதையை நோக்கி நகரும். பின்னால் கருகிய தரையை விட்டுவரும். வேறு வழி இல்லை. புல்லுக்குள் கட்டுகள் கிடந்தன. நடுவில் சூல்வே, தலையில் ஒரு கட்டோடு.

"அக்கா, வெளிய வா."

"இன்னும் ரெண்டு நடைதான்."

"அக்கா!"

அவள் வந்ததும் தீ வைத்தார். தீ ஒருமுறை கோட்டைத் தாண்டியது. ஆட்கள் ஈரத் தழையால் அடித்தார்கள், போதவில்லை. ஹமூங்கா அதன்மேல் விழுந்து புரண்டார். கருப்புப் பட்டை பத்தடி அகலம்கூட ஆகவில்லை, எஞ்சின் வந்துவிட்டது. பொறி கொட்டியது. பாதையோரம் மிச்சமிருந்த புல் சடசடவென்று பற்றி ஊரை நோக்கிப் பாய்ந்தது. கருகிய தரைக்கு வந்தது. தின்ன ஒன்றும் இல்லாமல் அமர்ந்தது.

ஓட்டுநர் கையசைத்துவிட்டுப் போனார்.

"மேஸ்திரியத் திட்டு அக்கா" என்றான் முலேயா. "எனக்கு வேலை மிச்சம்."

சூல்வே திட்டவில்லை. குதிர்களைப் பார்த்தாள். கட்டுகள் கிடந்த இடத்துச் சாம்பலைப் பார்த்தாள்.

"முன்னாடியே முடியாதுன்னு சொல்லியிருந்தா, நான் ஆத்தோரம் போய் அறுத்திருப்பேனே தம்பி."

அதன் பிறகு யாருக்காகவும் ஹமூங்கா புல்லை விட்டு வைத்ததில்லை. அக்கா கேட்டதும் இல்லை.