கண்ணாடிக்குள் இறங்கிய தாள்

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்த கையோடு, கோபாலபுரத்தில் ஒரு பங்களாவின் பின்பக்கம் இருந்த லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. சாந்தோமில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அக்கா மூவரும் டீச்சர்கள். சாக்பீஸைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் நான் உறுதியாக இருந்தேன்.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் என்று அரக்கு முத்திரை வைத்த தகர டின்களில் சாம்பிள் வரும். அடர்த்தி பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். லேபில் இரண்டே பேர்: நானும், மயிலாப்பூரிலிருந்து சைக்கிளில் வரும் சீஃப் கெமிஸ்ட்டும். உயரமான கண்ணாடி ஜாடியில் எண்ணெயை ஊற்றி, ஹைட்ரோமீட்டரை மெதுவாக மிதக்கவிட்டு, அது ஆடி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதன் ஒல்லியான தண்டுக்குள் சுருட்டி ஒட்டிய தாளில் கோடுகள் இருக்கும். எண்ணெய் மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. பிறகு உஷ்ணம் பார்த்து, அட்டவணையை வைத்துப் பதினைந்து டிகிரிக்கு மாற்ற வேண்டும். மெட்ராஸில் அந்தப் பதினைந்து டிகிரியை யார் கண்டார்கள்? மூன்றே மாதத்தில் அட்டவணையில் பாதி எனக்கு மனப்பாடம். சீஃப் ஒரு டின் முடிப்பதற்குள் நான் மூன்று முடித்துவிடுவேன்.

அந்தக் கோடையில் அடையாறு பங்க் ஒன்றிலிருந்து ஒரு டின் டீசல் வந்தது. பின்னாலேயே, அந்த பங்க்குக்கு டீசல் கொண்டுபோன டேங்கர் லாரியின் முதலாளியும் டிரைவரும் வந்தார்கள். வழியில் டீசலை இறக்கிவிட்டு மண்ணெண்ணெய் கலந்துவிட்டார்கள் என்று பங்க்காரர் புகார். எண்ணெய்க் கிடங்கு கொடுத்த சீட்டில் அடர்த்தி எழுதியிருந்தது. நான் பார்ப்பது அதோடு ஒத்துப்போனால் டிரைவருக்கு வேலை உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

சீஃப் அன்று லீவு. முதலாளி வாசலிலேயே ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றுகொண்டார். டிரைவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும்.

"இன்னாம்மா, நீதான் பாக்கப்போறியா? பெரியவங்க யாரும் இல்லியா?"

எனக்குச் சுருக்கென்றது. டீசலை ஜாடியில் ஊற்றி ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டேன். "நீங்களே குனிஞ்சு பாருங்க," என்றேன். "சீட்டுல இருக்கற கணக்குப்படி இன்னிக்குச் சூட்டுக்கு இந்தக் கோட்டுல நிக்கணும்."

அவர் ஜாடிமேல் மூச்சுப் படாமல் குனிந்தார். விரலால் காற்றில் எண்ணினார். "நாலு கோடு தள்ளி நிக்குதே."

"கிருஷ்ணாயில் கலந்தா இப்படித்தான் கூடுதலா முழுகும்."

"நான் தொடல, தாயி. மூடிய நான் தொடவே இல்ல."

"கண்ணால பாத்தீங்கல்ல?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வேலை கோட்டைப் படிப்பதுதான். ஆனால் துப்பறிகிற ஆசை யாரை விட்டது? "வழியில எங்கயாவது நிறுத்தினீங்களா?" என்று கேட்டேன்.

"தேனாம்பேட்டைல துன்றதுக்கு நிறுத்துனேன்."

"அப்போ வண்டியில யாரு இருந்தா?"

"கிளீனர் இருந்தான். எம் பொண்டாட்டியோட தம்பி."

பேனாவை எடுத்து ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தேன். அவர் வெளியே போனார். கிளீனர் தெருவில் லாரியின் படியில் உட்கார்ந்திருந்தது ஜன்னல் வழியே தெரிந்தது. இருபத்தைந்து வயசு ஆள்.

"எங்கடா இறக்குன?"

"இன்னா மாமா சொல்ற? நான் வண்டியவுட்டு எறங்கவே இல்ல."

"எங்கிட்டயே கத வுடாத. கண்ணாடில பாத்துட்டு வரேன்."

அடுத்த வாரம் இரண்டு டீசல் சாம்பிள்கள் வந்தன. ஒன்று செங்கல்பட்டு, ஒன்று திருவள்ளூர். இரண்டிலும் அதே நாலு கோடு. பெரிய திருட்டுக் கூட்டத்தையே கண்டுபிடித்துவிட்டேன் என்று சீஃபிடம் ஓடினேன். சந்தோஷமாகத்தான் ஓடினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சீஃப் ஹைட்ரோமீட்டரை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தண்டின் மேல்பக்கம் கண்ணாடியிலேயே கீறிய மயிரிழைக் கோடு ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் தாளின் முதல் கோடு அதற்கு நேராக நிற்க வேண்டும். நின்றால்தான் தாள் நகரவில்லை என்று அர்த்தம். தாள் இறங்கியிருந்தது. எண்ணிப் பார்த்தால் நாலு கோடு.

"இதை எதுல அலம்பினே?"

"வெந்நீர்ல சார். ஸ்பிரிட் வெச்சுத் துடைச்சா பிசுக்கு போக நேரமாகுது."

"உள்ளே பசை மெழுகு மாதிரிம்மா. சூட்டுல இளகிடும்." திட்டவில்லை. "ஆத்துல சொல்லிட்டு வந்திருக்கியோ? நேரமாகும். எல்லாத்தையும் திரும்பப் பார்க்கணும்."

அடையாறு டின்னில் மிச்சம் வைத்திருந்ததை வேறு ஹைட்ரோமீட்டரில் பார்த்தோம். கிடங்கின் சீட்டில் இருந்தது அப்படியே வந்தது. சீஃப் திருத்திய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு மறுநாள் காலை லாரி முதலாளியிடம் அவரே எடுத்துப் போனார். திரும்பி வந்து சைக்கிளைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "வேற டிரைவரைப் போட்டாச்சாம்."

இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு நான் மந்தைவெளிக்குப் போனேன். முதலாளி ஆபீசில் வாங்கிய விலாசம். சந்துக்குள் ஒற்றை அறை. டிரைவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தப்பு என்னுடையது, டீசலில் ஒன்றும் கலக்கவில்லை என்று நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும்மா," என்றார் அவர். "அத்த சொல்லவா வந்த?" பிறகுதான் அவர் முகம் மாறியது. "அப்ப அவனும் எடுக்கல."

அந்தம்மாளின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. "அவன நான்தான் வூட்டுக்குள்ள வராதன்னேன்," என்றாள், என்னிடம் இல்லை, அரிசியிடம். "கூடப் பொறந்தவ நானே கேட்டேன், திருடுனியாடான்னு."

"எங்க இருக்கார்?"

"பம்பாய் லாரில ஏறிட்டானாம். எந்த வண்டின்னு தெரியல."

டிரைவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் இங்கிலீஷ். "இதுல அவன் பேரு எழுதிக்கீதா?"

"இல்லைங்க. லாரி நம்பர் மட்டும்தான் இருக்கும்."

"எழுது."

அவர் சொல்லச் சொல்ல, சீஃபின் கையெழுத்துக்குக் கீழே, கிளீனரின் பெயரை அவன் அப்பா பெயரோடு தமிழில் எழுதினேன். அதுவரை எனக்கு அவன் பெயர் தெரியாது. இவர் எதையும் எடுக்கவில்லை என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். அந்தம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கினாள்.

"வந்தா குடுக்கறேன்," என்றாள்.

வந்தானா என்று கேட்க அதற்குப் பிறகு பலமுறை கிளம்பியிருக்கிறேன். மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். எதிர்ப்பக்கம் போய் நின்று, வரும் பஸ்ஸில் ஏறிவிடுவேன்.