முதுகு மட்டும் தெரிந்த காட்சி

கம்பளையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இப்போது விருந்தாளிகள் உட்காரக் கதிரை போடுகிறேன். போன வாரம் படம் பிடிக்க வந்தவர் ஒரு பழைய விளக்கைக் கொண்டுவந்து சொருகினார். சூடேறியதும் அதன்மேல் படிந்திருந்த தூசி கருகி ஒரு வாடை வந்தது. மயிர் பொசுங்கியது போலவும் அப்பளம் தீய்ந்தது போலவும் இருக்கும் அது. மணப்பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் கையில் கதிரையோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்த வாடைக்குள் ஒரு பெரியவர் பாயில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெரியவர் நான்தான். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

எட்டாம் வகுப்போடு பன்வில தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கிளம்பியவன் நான். அம்பிட்டியவில் சட்டி கழுவினேன், கண்டிச் சந்தையில் மூட்டை தூக்கினேன், லொறியில் கிளீனராகப் போனேன். எங்கும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. கண்டிக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மண்டபத்தில் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தபோதுதான், வெளிநாட்டிலிருந்து ஒரு கூட்டம் ஆபரா போட வந்தது. ஆபராவில் யாரும் பேச மாட்டார்கள். தண்ணீர் கேட்பதென்றாலும் பாடித்தான் கேட்பார்கள். எங்கள் தோட்டத்துக் காமன் கூத்திலும் பாட்டுத்தான். ஆனால் நடுவில் யாராவது சண்டையாவது பிடிப்பார்கள். இதில் அதுவும் இல்லை. அடித்தவனைத் திருப்பி அடிக்காமலே ஒரு ராஜ்யத்தை வீட்டுக்கு அனுப்பிய பெரியவருடைய கதை அது. பெயர் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்துக் காம்பராவில் முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே அவர் படம் தொங்கியது. என்னை வளர்த்த அக்கா அதற்கும் சேர்த்தே விபூதி பூசுவாள்.

பெரியவராகப் பாட வந்தவர் நல்ல மனிதர், நல்ல சரீரமும்கூட. கண்டிக்கு வந்த அன்றே கொத்து ரொட்டிமேல் அவருக்குப் பிரியம் பிறந்துவிட்டது. விளக்குகளைச் சரிபார்க்கும்வரை மணிக்கணக்கில் பாயில் உட்கார அவருடைய முழங்கால் இடம் கொடுக்கவில்லை. விளக்குக்காரர் நவாஸ் நானா, அதாவது நவாஸ் அண்ணன், வேறு ஆள் தேடினார். விளக்குமாற்றோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒங்கட நெஞ்செலும்ப எண்ணலாம் போல ஈக்குதே. வந்து உண்ணாவிரதம் இரிங்க."

மூன்று நாள் இருந்தேன். எழுந்தால் வெளிச்சத்தின் அளவு மாறிவிடும் என்று சோற்றுப் பார்சலையும் பாயிலேயே பிரித்தேன். உண்ணாவிரதத்துக்கென்று வைத்த நீல வெளிச்சத்தில் கோழிக்கால் கடித்தேன். ஏணி உச்சியிலிருந்து நவாஸ் நானா, "பெரியவர் நோன்பு தொறந்துட்டார்," என்று அறிவித்தார்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து எழுந்து போனேன். நாடகத்தை நடத்திய அம்மா பின்னாலிருந்து ஏதோ சொன்னார். நவாஸ் நானா மொழிபெயர்த்தார். "கடைசிச் சீன்ல பெரியவர் தனியா ஏறிப் போறாரே, அதுக்கு ஒங்கட முதுகுதான் வேணுமாம். பாடுறது அவர். நடக்கிறது நீங்க. மெல்லமாப் போகணும். திரும்பிப் பாக்கவே ஏலாது."

இருபதடி சரிவுப் பலகை. அதை ஏற பத்து நிமிஷம்.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் எடுத்தேன். மூன்று வருஷமாக நான் லயத்துப் பக்கம் போகவில்லை. அதற்கு முன் போன ஒவ்வொரு முறையும் ஒரு விடியற்காலை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவள் வாசல்வரை வருவாள். இந்தத் தம்பி ஊர் சுற்றி ஒன்றுமில்லாமல் போய்விடவில்லை என்று அவள் ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தது எனக்கு.

"மத்தியானத்தோட கெளம்பினா அரைப்பேர்தான் விழும், அரை நாள் சம்பளம், பரவாயில்ல," என்றாள். "ஏழேகால் பஸ்ஸ விட்டா வேற பஸ் இல்ல. அதுக்குள்ள முடிஞ்சிருமா?"

"நாலு மணிக்குத் தொடங்குறாங்க. ஆறுக்கெல்லாம் முடிஞ்சிரும்," என்றேன். அதைச் சொன்னபோது ஒரு வரியைப் பத்துத் தடவை பாடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது.

மஞ்சள் சேலையில் குடையோடு வந்தாள். பஸ்ஸுக்கு ஓட வசதி என்று கதவோரம், கடைசி வரிசையில் வலது ஓரத்துக் கதிரையைக் கேட்டு வாங்கினாள். அந்த மண்டபத்தில் இருந்தவை பழைய மரக் கதிரைகள். ஆள் எழுந்தால் இருக்கை தானாக மடங்கி 'டப்' என்று அடிக்கும். தினம் துடைத்தவன் என்பதால் சத்தத்தை வைத்தே எது என்று சொல்வேன்.

என் காட்சி வந்தபோது பக்கத் திரைக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தில் ஏழு. எட்டிப் பார்த்தேன். அக்கா பையை மடியில் எடுத்து வைத்திருந்தாள்.

நடக்கத் தொடங்கினேன். இருட்டில் நின்று பாடகர் பாடினார். முதுகில் நவாஸ் நானாவின் விளக்குச் சூடு. நாலைந்து அடி போயிருப்பேன், பின்னால் ஒரு டப். இடது பக்கம், நடு வரிசை. இன்னும் கொஞ்சம் போனதும் இன்னொன்று. அதுவும் அவள் இல்லை. பலகையின் பாதியில் மூன்றாவது டப் கேட்டது. கடைசி வரிசை, வலது ஓரம். ஆணி தளர்ந்த கதிரை. இரண்டு தடவை அடிக்கும்.

பஸ்ஸுக்குப் போய்விட்டாள். போகாமல் என்ன செய்வாள்? விடிந்தால் தோட்டத்தில் பேர் பதியும் பெரட்டுக்கு நிற்க வேண்டும். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. திருப்பவில்லை. மீதிப் பலகையை யாருக்காக ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கைதட்டல் கேட்டது. வேஷத்தைக்கூடக் கலைக்காமல் வெளியே வந்தேன்.

படியில் அக்கா நின்றாள்.

"பஸ் போயிருச்சே," என்றேன்.

"போகட்டும். முன்னால இருந்தவரு தல பெரிய தல. எந்திரிச்சு நின்னுதான் பாத்தேன்."

"மூஞ்சி தெரியலயே. நாந்தான்னு எப்பிடிக் கண்டுபிடிச்ச?"

குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "ஒன் மூஞ்சிய விட முதுகத்தானே நான் அதிகம் பாத்திருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நவாஸ் நானா வந்து, "ராத்தா, எங்கட வீட்ல தங்குங்க, பொஞ்சாதி ஈக்கிறா," என்று கூட்டிப்போனார்.

காலையில் முதல் பஸ்ஸில் ஏறுமுன், "லயத்துக்கு வா, ரெண்டு நாள் இருந்துட்டுப் போ," என்றாள். அந்தக் கூட்டத்தோடு கொழும்புக்குப் போகவிருந்தேன். "அடுத்த மாசம்," என்றேன். மிதிபலகையில் நின்று அவள் திரும்பிப் பார்த்தாள். அதுவரை எந்தப் பயணத்திலும் நான் அதைச் செய்ததில்லை.

அடுத்த மாதம் நான் போகவில்லை. பிறகு போனபோது காம்பராவில் வேறு குடும்பம் இருந்தது. அக்காவைப் புதைத்து எட்டு நாள் ஆகியிருந்தது. ஊர் ஊராகத் திரிந்த எனக்குச் சொல்லியனுப்ப வழி தெரியவில்லையாம். சுவரிலிருந்த படங்களை யார் எடுத்தார்கள் என்று கேட்டேன். அவர்களுக்குத் தெரியவில்லை.

நவாஸ் நானா கட்டாருக்குப் போய்விட்டார். மண்டபம் இப்போது ஒரு துணிக்கடை. மரக் கதிரைகளை விறகு விலைக்குக் கொடுத்துவிட்டார்களாம். இங்கே நான் போடுவதெல்லாம் பிளாஸ்டிக் கதிரைகள். எனக்குப் பின்னால் யாராவது எழுந்து நின்றாலும் சத்தம் வராது. அதனால் இப்போதெல்லாம் வேலை முடிந்து வாசலைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன். வரிசையாகக் கதிரைகள் இருக்கும்.