கதவை அடைத்த பெட்டி

அந்த ஆய்வுக் கப்பலில் எங்கள் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டில், தரையோடு திருகிய மேசை, திறக்க முடியாத வட்டக் கண்ணாடி சன்னல், ஆரஞ்சு நிற உயிர்காப்பு உடுப்பு இரண்டு, உள்பக்கமாகத் திறக்கும் ஒரே கதவு. நான் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படித்தவள். கடலடியிலிருந்து எடுக்கும் களிமண்ணைக் கழுவி, சலித்து, காயவைத்துத் தருவது என் வேலை. மேல்கட்டிலில் கடலூரைச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி. என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். கப்பலில் பெண்கள் நாங்கள் இருவர்தான். இருவருக்கும் இரவுப் பணி. பகலில் தூங்குவோம்.

முதல் நாள் பாதுகாப்பு வகுப்பில் வயதான அதிகாரி ஒருவர் இரண்டு விஷயம் சொன்னார். கதவு மாட்டிக்கொண்டால் அதன் கீழ்ப்பாதியில் இருக்கும் பலகையை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே வரலாம். உள்ளே பூட்டியிருந்தாலும் எல்லா அறைகளையும் திறக்கும் சாவி ஒன்று அவரிடம் இருக்கிறது. எங்களைத் தைரியப்படுத்தத்தான் சொன்னார். எனக்கு அந்தச் சாவி மட்டும்தான் மனதில் நின்றது.

அத்தா சவுதியில் இருப்பதால் எங்கள் வீட்டில் எப்போதும் பெண்கள் மட்டுமே. ரயில்வே ஜங்ஷனை ஒட்டிய தெரு. ஆள் நடமாட்டம் ஓயாது. படுக்கும் முன் அம்மா தாழ்ப்பாள் போட்டு, அரிசி டிரம்மையும் கதவோடு நகர்த்தி வைப்பார். அப்படியே பழகிவிட்டேன். கப்பலில் டிரம் இல்லை. என் தகரப் பெட்டியைக் கதவோடு சேர்த்து வைத்தேன்.

அக்கா சிரித்தார். "சாவி வச்சிருக்கவரு படி ஏறவே மூச்சு வாங்குறாருடி."

ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. ஒருநாள் நான் மறந்தபோது அவரே இறங்கி நகர்த்தி வைத்தார்.

கடல் கொந்தளித்த ஒரு மதியம் அபாய மணி கேட்டு விழித்தேன். புகை நாற்றம் வந்தது. கப்பல் ஆடிய ஆட்டத்தில் பெட்டி குறுக்காகத் திரும்பி, கதவுக்கும் கட்டில் காலுக்கும் நடுவில் இறுகியிருந்தது. பூட்டைத் திறந்தும் கதவு அசையவில்லை. உதைக்க வேண்டிய பலகை பெட்டிக்குப் பின்னால் இருந்தது.

நடைபாதையில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. இத்தனை நாள் அந்தக் காலடிகள் கதவருகே நின்றுவிடக் கூடாதே என்று பயந்தவள், இப்போது யாராவது நிற்க மாட்டார்களா என்று கதவைத் தட்டினேன். ஒருவர் நின்றார். குரலைக் கேட்டதும் சமையலறை ஊழியர் என்று தெரிந்தது.

"உள்ள எத்தன பேரும்மா?"

"ரெண்டு பேருங்க. பெட்டி மாட்டிக்கிச்சு."

"கீழ் பலகைய ஒதைங்க."

"அங்கதாங்க பெட்டியே இருக்குது."

அவர் கதவைத் தள்ளினார். பெட்டி இன்னும் இறுகியது. தள்ள வேண்டாம் என்று அக்கா கத்தினார். கதவிடுக்கில் புகை நூலாக உள்ளே வந்தது. அப்போது ஒன்றைக் கவனித்தேன்: கப்பல் சன்னல் பக்கம் சாயும்போது பெட்டியின் மூலை கதவைவிட்டு மயிரிழை விலகியது. அடுத்த சாய்வுக்காகக் காத்திருந்து இருவரும் இழுத்தோம். வரவில்லை. மறுபடியும் இழுத்தோம். என் நகம் பிய்ந்தது. அதற்கடுத்த சாய்வில் பெட்டி நழுவி எங்கள் மேலேயே வந்து விழுந்தது; கதவு திறந்தது.

மேல்தளத்தில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது அக்கா இருவருக்குமாகப் பதில் சொன்னார். துணி உலர்த்தும் இயந்திரத்தில் பிடித்த தீயை அதற்குள் அணைத்திருந்தார்கள். வயதான அதிகாரி அறைக்கு வந்து, நசுங்கிய பெட்டியையும் கதவையும் பார்த்தார். திட்டவில்லை. பெட்டியை மேசைக்கு அடியில் கயிற்றால் கட்ட வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வேலை முடிந்து படுத்தபோது கதவருகே எதுவும் இல்லை. எழுந்து கதவைத் திறந்து பார்த்து, மறுபடி பூட்டினேன்.

"தூங்கலியா?" என்றார் அக்கா.

"வரலக்கா."

"நான் முழிச்சிருக்கேன். நீ மொதல்ல தூங்கு, அப்புறம் எழுப்புறேன்."

கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் மேல்கட்டிலிலிருந்து குறட்டை கேட்டது. அவரை எழுப்பவில்லை. படுக்கையிலேயே காலணியை மாட்டிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.