இரு பக்கமும் கொடுக்கவேண்டிய கட்டளை

பக்கத்து மேசை லார்ஸ் எனக்குத் தட்டச்சில்தான் காலை வணக்கம் சொல்வார். கையை நீட்டினால் தொடும் தூரம்தான். சுவீடனில் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான். அதில் கோபமோ அலட்சியமோ இல்லை. இலங்கையில், சாய்ந்தமருதில் எங்கள் குசினி அடுப்படியில் நின்றபடியே அடுத்த வீட்டு மாமியோடு சத்தம்போட்டுக் கதைத்து வளர்ந்தவள் நான். இங்கு வந்த புதிதில், பகல் முழுக்க என் குரலை நானே கேட்காமல் வீடு திரும்பியிருக்கிறேன்.

தம்பி ரிபாஸின் நிக்காஹ்வுக்கு நான் ஊர் போக முடியவில்லை. வதிவிட அனுமதி புதுப்பிப்பில் கிடந்தது. மருதமுனையில் பெண்வீட்டில், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். இங்கே அது மதியம். முதல் நாள் உம்மா அழைத்தார்.

“நீ ஃபோன்ல இரிக்கணும் மகள். உன்ட முகத்தப் பாத்துத்தான் கபூல் செல்லுவானாம் உன்ட தம்பி.”

“ஓம் உம்மா, கட்டாயம் இரிப்பன்.” கபூல் என்பது, ஏற்றுக்கொண்டேன் என்று மாப்பிள்ளை சொல்லும் சொல்.

அன்றைக்கென்று ஒரு வேலையும் வந்திருந்தது. கிளவுட்டில் இயங்கும் இரண்டு வலையமைப்புகளை இணைக்கவேண்டும். ஒன்று என் பொறுப்பு, மற்றது லார்ஸின் பொறுப்பு. திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால் போதும். ஆனால் இருவரும் அவரவர் பக்கத்திலிருந்து தட்டவேண்டும். ஒருவர் மட்டும் தட்டினால் ‘இனிஷியேட்டட்’ என்று பாதியில் நிற்கும். மற்றவரும் தட்டினால்தான் ‘கனெக்டட்’.

தம்பிக்கு இப்போது கலியாணம், அலுவலகத்தின் கண்ணாடி அறையில் இருந்து ஃபோனில் பார்க்கப்போகிறேன் என்று லார்ஸுக்கு எழுதினேன். அந்த அறையில் நாற்காலிக்கு எதிரே ஃபோனைச் சாய்த்துவைத்தேன். மறுமுனையில் தங்கச்சி, “இப்ப தொடங்கிருவாங்க ராத்தா, இரிங்க” என்றாள். காதில் மாட்டும் ஹெட்செட்டை எடுக்க மேசைக்கு ஓடினேன். திரையில் லார்ஸின் பதில் கிடந்தது: ‘கோ நவ்.’

எங்கள் தொழிலில் ‘கோ’ என்றால் கட்டளையை ஓடவிடு என்று பொருள். நின்றபடியே தட்டினேன். ‘இனிஷியேட்டட்.’ லார்ஸின் இருக்கையில் ஆள் இல்லை. இதோ வந்துவிடுவார், அவர் பக்கத்தையும் முடித்ததும் ஓடிவிடலாம் என்று நின்றேன். இணைப்பின் நிலையைத் திரையில் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதே சொல்தான் வந்தது. வேலையைப் பாதியில் விட்டுப்போகப் பயம். அந்நிய நாட்டில் அந்தப் பயம் எப்போதும் உள்ளுக்குள் இருக்கிறது.

லார்ஸ் காப்பிக் கோப்பையோடு வந்தார்.

“இங்கே ஏன் நிற்கிறீர்கள்? தம்பியின் கலியாணம்?”

“நீங்கள்தானே ‘கோ’ என்று எழுதினீர்கள்.”

“கலியாணத்துக்குப் போங்கள் என்று எழுதினேன். வேலை காத்திருக்குமே.”

அவர் முகம் சிவந்துபோனது. நான் ஓடினேன். ஃபோனுக்குள் ஒரே சந்தடி; யாரோ சிரிக்கிறார்கள், சோறு நிறைந்த சஹன் தட்டுகள் பரிமாறப்படுகின்றன. தங்கச்சி மட்டும் திரைக்கு நெருங்கி வந்தாள்.

“எங்க போன நீங்க ராத்தா? எல்லாம் முடிஞ்சி.”

நான் திரும்பி வந்தபோது லார்ஸ் தன் பக்கத்தைத் தட்டி முடித்திருந்தார். ‘கனெக்டட்.’ இரு பக்கத்து இயந்திரங்களும் ஒன்றுக்கொன்று பதில் அனுப்பிக்கொண்டிருந்தன. “மன்னித்துவிடுங்கள்” என்றார், வாய்விட்டு.

மாலையில் டிராமில் வரும்போது, உறவுக்காரப் பெண்ணொருத்தி எடுத்த வீடியோ வந்துசேர்ந்தது. மாமனாரின் கையைப் பிடித்தபடி தம்பி கபூல் சொல்கிறான். சொல்லிவிட்டு நிமிர்ந்து, தங்கச்சி உயர்த்திப் பிடித்திருக்கும் ஃபோனைத் தேடுகிறான். அந்தச் சின்னத் திரையில், கண்ணாடிச் சுவருக்கு முன்னால், ஒரு வெறும் நாற்காலி. அதைப் பார்த்துச் சிரிக்கிறான்.